செக்கிங் அக்கா படித்த விஞ்ஞானக் கதைகள்

பிள்ளையார் சுழி போட்டதோடு நின்றுபோன நோட்டுகள் என் வீட்டில் மூன்று இருக்கின்றன. மூன்றும் இதை எழுதுவதற்காக வாங்கியவை. சுழி போடுவேன். கீழே முருகன் துணை என்று எழுதுவேன். அதற்குக் கீழே பேனா நகராது. ஒரு நோட்டில் என் மகள் கோலம் போட்டுப் பழகி முடித்தே விட்டாள். இப்படி ஏழு ஆயுத பூஜை கடந்துபோனது. நான் பத்தாவது வரை படித்தவன். எழுதத் தெரியாததால்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அந்த அக்காவைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டி வரும். அதற்குத்தான் பயந்தேன்.

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்க அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கம்பெனியில் எல்லோரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் வண்டிக் கதவுக்குள் போகும் ஒரு பிராக்கெட் செய்கிறோம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு, அதில் நான்கு ஓட்டை, இரண்டு மடிப்பு. அதை அடிக்கும் பிரஸ்ஸில் நான் நிற்கிறேன். நான் அடித்தது செக்கிங் மேஜைக்குப் போகும். அங்கே டியூப்லைட் அடியில் எட்டுப் பெண்கள், எல்லோரும் கான்ட்ராக்ட். அதில் மூத்தவர் அக்கா. ஒரு பீஸை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். சரி என்றால் பச்சைப் பெயிண்டில் ஒரு புள்ளி. தப்பு என்றால் சிவப்புத் தொட்டி. சரி என்றும் சொல்ல முடியவில்லை, தப்பு என்றும் சொல்ல முடியவில்லை என்றால் மஞ்சள் அட்டை கட்டித் தனியே வைப்பார். அதற்கு ஹோல்டு என்று பெயர்.

"லாரி நிக்குதுக்கா, மேலாக்க பாத்து உடுங்க" என்று சூப்பர்வைசர் வந்து பறப்பார். வயதில் சின்னவர், நல்ல பையன்தான், பயந்த சுபாவம்.

"லாரி நிக்கட்டும். அதுக்கு இன்னா, காலா வலிக்கப் போவுது?" என்பார் அக்கா. தலையைத் தூக்கக்கூட மாட்டார்.

தான் பார்க்காத எதற்கும் அவர் கையெழுத்துப் போடமாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல இந்த ஒன்றுதான் உண்டு. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். ஒருமுறை தீயணைப்புப் பயிற்சி நடந்ததாக ஒரு ரிஜிஸ்டர் சுற்றி வந்தது. லைனில் மற்ற எல்லோரும் போட்டாயிற்று. நானும் போட்டேன். அக்கா பேனாவை வாங்கவில்லை.

"கிளாஸ் நடந்துச்சா?"

"நடந்த மாதிரிதான்க்கா. ஆடிட் வருது, போட்டுக் குடுங்க" என்றார் சூப்பர்வைசர்.

"அப்ப நானும் போட்ட மாதிரின்னு வச்சிக்கோ."

ஒரே ஒரு கையெழுத்து இல்லாமல் ரிஜிஸ்டர் மேலே போகாது. கடைசியில் அவருக்காகவே கிளாஸ் நடத்தினார்கள். நாற்பது பேரும் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றோம். ஒரு தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தி, தீயணைப்பு சிலிண்டரை எடுத்து அழுத்தினார் சூப்பர்வைசர். ஒரு பெருமூச்சு விட்டது சிலிண்டர். அவ்வளவுதான் வந்தது. மணலை வாரிக் கொட்டித்தான் அணைத்தோம். அன்றைக்கு நாங்கள் யாரும் அக்காவுக்கு நன்றி சொல்லவில்லை. டீ நேரம் போய்விட்டதே என்றுதான் திட்டினோம்.

வீட்டிலும் அப்படித்தான் என்று கேள்வி. அவருடைய கொழுந்தனார் பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு மனை வாங்கினார். சாட்சிக் கையெழுத்துக்கு அக்காவைக் கூப்பிட்டார். நிலத்தைப் பார்க்காமல் எப்படி என்று சொல்லி, உச்சி வெயிலில் முள்ளுக்குள் நடந்து எல்லைக்கல்லைத் தேடினாராம். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்துவிட்டார். கொழுந்தனார் குடும்பம் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. "நாலாவது கல்லு கெடச்சா பேசுவாங்க" என்றார் எங்களிடம். முகத்தில் சிரிப்பே இல்லை. எங்களுக்குத்தான் சிரிப்பு வந்தது.

இப்படிப்பட்டவர் கையில் விஞ்ஞானக் கதைப் புத்தகம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். படப்பையில் பழைய பேப்பர் கடையில் வந்தது. பேப்பர் போடப் போனவர், அங்கே குவியலில் கிடந்த ஒன்றை எடுத்து வந்துவிட்டார். அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. புத்தகத்தின் பெயரும் தெரியாது, எழுதியவர்கள் யார் என்றும் தெரியாது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் விஞ்ஞானச் சிறுகதைகள் என்று மட்டும் அச்சடித்திருக்கும். மொத்தம் இருபத்து மூன்று கதை.

எங்கள் கம்பெனி பஸ் படப்பையில் ஏற்றி ஒரகடத்தில் இறக்கும். வழியில் லாரி நெரிசல் என்றால் முக்கால் மணி நேரம் ஆகும். போகும்போது அக்கா ஜன்னல் ஓரத்தில் ஒரு கதை படிப்பார். திரும்பும்போது அதைச் சொல்வார். குரலை ஏற்றி இறக்கிச் சொல்லத் தெரியாது. ரிப்போர்ட் வாசிப்பதுபோலச் சொல்வார். அதுதான் எங்களுக்குப் பிடித்தது.

"இன்னைக்கி இன்னா கதைக்கா?" முன் சீட்டுப் பெண் ஒருத்தி தினமும் கேட்பாள்.

"ஒருத்தன் மெஷின் செஞ்சி பழைய காலத்துக்குப் போறான். அவன் கல்யாணத்த அவனே நிறுத்தணும்னு."

"அய்யோ, எங்க வூட்டுக்காரரு கேட்டா மெஷின் எங்க கெடைக்கும்பாரு. போயி?"

"போனான். மண்டபத்துல ஆள் கொறையுதுன்னு இவன் கையிலயே சாம்பார் வாளிய குடுத்துட்டாங்க. பந்தி முடிச்சிட்டு வந்து பாக்கறான், தாலி கட்டியாச்சி."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்கா பென்சிலை எடுத்து, கதை முடிந்த இடத்தில் ஓகே என்று எழுதினார். "கல்யாண வூட்ல அப்டித்தான் நடக்கும்" என்றார்.

ஒவ்வொரு கதைக்கும் இப்படி எழுதுவார். ஓகே, அல்லது ரிஜக்ட், அல்லது ஹோல்டு. ரிஜக்ட் என்றால் காரணமும் எழுதுவார். செவ்வாய்க் கிரகத்தில் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணீரைத் துடைக்கிறான் என்று ஒரு கதை. "செத்திருப்பான்" என்று எழுதித் தள்ளிவிட்டார். முன்னூறு வருஷம் போகும் ஒரு விண்கப்பலில் ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு போல்ட்டைத் தினமும் தட்டிப் பார்ப்பதுதான் வேலை. அப்பன் பார்த்தான், மகன் பார்த்தான், பேத்தி பார்த்தாள். கடைசியில் அந்த போல்ட் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, சும்மா இருந்தது என்று தெரிகிறது.

"பாவம்க்கா, மூணு தலைமுறை வீண்" என்றேன் நான்.

"இன்னா வீணு? பாத்தாங்க இல்ல? பாக்கறதுதான வேலை." அந்தக் கதைக்கு இரண்டு முறை ஓகே எழுதினார்.

இத்தனை பொய்யை நீங்கள் எப்படி உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கத எழுதறவன் 'இப்டி இருக்குதுன்னு வச்சிக்குவோம்'னு சொல்லிட்டுதான் தம்பி ஆரம்பிக்கிறான். நம்ம லைன்ல அத்த சொல்லாம ஆரம்பிக்கிறானுங்க."

எனக்குப் பிடிக்காத கதை ஒன்று இருந்தது. ஒரு ஊரில் ஜனங்களின் பிரார்த்தனையைப் பிரித்துப் போட மெஷின் வைக்கிறார்கள். நடக்கக்கூடியது ஒரு பக்கம், நடக்காதது ஒரு பக்கம். எனக்குச் சுருக்கென்றது. நான் கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவன். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை முருகன் கோயில் பிரசாதத்தைப் பஸ்ஸில் எல்லோருக்கும் கொடுப்பவன்.

"நீங்க சாமிய நம்பறீங்களா இல்லையாக்கா?"

"நான் பாக்கலை தம்பி."

"அப்ப இல்லன்றீங்க."

"இல்லன்றதையும் நான் பாக்கலையே. ஹோல்டு."

முருகனுக்கு மஞ்சள் அட்டை கட்டிவிட்டார் என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியாக அவரிடம் தொன்னையை நீட்டினேன். வாங்கி முழுக்கச் சாப்பிட்டார். "பொங்கல் ஓகே" என்றார்.

அந்த ஆடி மாதம் கேமரா வந்தது. பிரஸ்ஸிலிருந்து வரும் பீஸை மேலே இருந்து படம் பிடித்து, நல்லது கெட்டதை அதுவே பிரித்துவிடும். ஒரு இரும்புக் கூண்டு, அதற்குள் பளீரென்று விளக்கு, நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி. எட்டுப் பேர் மேஜை இனி இரண்டு பேர் மேஜை ஆகும் என்றார்கள். இருக்கப்போகும் இரண்டு பேரில் அக்கா ஒருவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் அந்தக் கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையே அவருக்குத்தான் வந்தது. ஒவ்வொரு பீஸாக அதன் கண்ணுக்குக் காட்டி, நல்லது, கெட்டது என்று பட்டனைத் தட்ட வேண்டும். மூன்று மாதம் அதையே செய்தார்.

மேஜைப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, நீ மாத்தி மாத்தி காட்டு. இது குருடுன்னு திருப்பி அனுப்பிடுவானுங்க. எட்டுப் பேரு வயிறுக்கா."

"தெரிஞ்சி தப்ப எப்டிமா நல்லதுன்னு தட்டறது? கையி வராது."

"உனக்குதான் வேல உறுதி. நீ பேசுவ."

அக்கா அடுத்த பீஸை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினார். அவர் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. கணவருக்கு இடுப்பு போய்ப் பல வருஷம். அந்த வேலை அவருக்கும் வயிறுதான். ஆனால் அதற்காக அவர் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை போகும் என்றிருந்தாலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் லைனுக்குப் பூஜை செய்வது பத்து வருஷமாக நான்தான். முந்தின நாளே மெஷின்களைக் கழுவித் துடைத்து, மாவிலை கட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். சந்தனத்தை வெறும் தண்ணீரில் குழைத்தால் இரும்பில் காய்ந்து உதிர்ந்துவிடும். அதனால் நான் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத்தான் குழைப்பது வழக்கம். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, எல்லோரும் பொரி வாங்கக் கேன்டீனுக்குப் போனார்கள். நான் கிண்ணத்தை எடுத்து வைக்கத் திரும்பினேன். கேமரா வெறும் நெற்றியோடு நின்றது.

வீட்டுக்குப் புதிதாக வந்த உயிரைப் பொட்டில்லாமல் விடுவோமா? அதுவும் அத்தனை பேர் கண்ணும் பட்ட ஒன்று. எட்டுப் பெண்களின் சாபத்தையும் நினைத்துக்கொண்டேன். ஸ்டூல் போட்டு ஏறி, கூண்டுக்குள் கையை விட்டு, வட்டக் கண்ணாடிக்குச் சற்று மேலே சந்தனத்தைப் பெரிதாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். எல்லோரையும் நல்லபடியாகப் பார்த்துக்கொள் அப்பா என்று அதனிடமே வேண்டிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. மறைத்துச் செய்யவும் இல்லை.

இரண்டு நாள் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்தது. பிள்ளைப்பாக்கத்திலிருந்து துப்புரவு வேலைக்கு வரும் அம்மா வழக்கம்போல எல்லா மெஷின்களிலும் பொட்டைத் துணியால் துடைத்தார். கூண்டுக்குள்ளும் கைவிட்டு ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். விளக்கைப் போட்டதும் சூட்டில் மிச்ச எண்ணெய் இளகிக் கண்ணாடியில் மெல்ல வழிந்திருக்கிறது. கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கேமரா முதல் பீஸைத் தள்ளியது. இரண்டாவதைத் தள்ளியது. ஒரு மணி நேரத்தில் சிவப்புத் தொட்டி நிரம்பித் தரையெல்லாம் பிராக்கெட்.

"புதுசா வந்த மாமியாரு மாரி, எத்த குடுத்தாலும் நொட்ட சொல்லுது" என்றாள் மேஜைப் பெண் ஒருத்தி. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. சிவப்புத் தொட்டியில் கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்ல பீஸு. இதுக்குதான் இன்னாமோ ஆயிடுச்சி" என்றார். ஒன்றரை நாள் லைன் நின்றது. போனில் யார் யாரோ பேசி, கம்ப்யூட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள். இரண்டாம் நாள் கேமரா விற்ற கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து, கூண்டைக் கழற்றி, வெள்ளைத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக் காட்டினார். துணியில் செம்மஞ்சளாக எண்ணெய். துருவும் கிரீஸும் கலந்தது என்று அவர் நினைத்தார். "யாரோ வேணும்னே பூசியிருக்காங்க" என்றார்.

அது என் குங்குமத்தின் நிறம். அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நிமிடமே சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஒரு திட்டோடு போயிருக்கும். நான் பேசவில்லை. அக்கா அந்தத் துணியை வாங்கி மோந்து பார்த்தார்.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் புத்தகம் இல்லை.

"சந்தனத்துல எண்ண உடுவியா தம்பி நீ?"

"இல்லக்கா" என்றேன்.

"சரி" என்றார். எழுந்து தன் ஜன்னல் ஓரத்துக்குப் போய்விட்டார்.

விசாரணைக்கு மூன்று பேர் கமிட்டி போட்டார்கள். ஹெச்ஆர் சார், சூப்பர்வைசர், தொழிலாளர் பக்கத்திலிருந்து நம்பகமான ஒருவர். அந்த நம்பகமானவர் நான். சாமி கும்பிடுகிறவர், வம்பு தும்புக்குப் போகாதவர் என்று என் பெயரை ஹெச்ஆர் சாரே சொன்னாராம். மறுத்திருக்கலாம். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று ஒத்துக்கொண்டேன்.

கேமரா மேல் கோபம் உள்ளவர்கள் எட்டுப் பேர். அதில் கூண்டைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் அக்கா ஒருவர். கேட்டில் அவர் பையைச் சோதித்தபோது புத்தகம் கிடைத்தது. ஹெச்ஆர் சார் அதை இரவெல்லாம் படித்திருப்பார் போல. ஒரு கதையில் அடையாளம் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு சுரங்கத்தில் காவல் காக்கும் மெஷினின் கண்ணில் தொழிலாளிகள் சேற்றைப் பூசித் தப்பிக்கும் கதை. அக்கா அதை ரிஜக்ட் செய்திருந்தார். காரணமும் எழுதியிருந்தார்: சேறு காய்ந்தால் உதிரும். எண்ணெய்ப் பசை இருந்தால்தான் நிற்கும்.

"இது நீங்க எழுதினதா மேடம்?"

"ஆமா சார்."

"எண்ணெய்ப் பசைன்னு எழுதியிருக்கீங்க. கேமராவுல இருந்ததும் எண்ணெய்."

"அது கதைல இருக்கற தப்பு சார். சேறு நிக்காது. நீங்களே பூசிப் பாருங்க."

சூப்பர்வைசர் இருமினார். ஹெச்ஆர் சார் முகம் சிவந்தது. "சரி, நீங்க பூசலைன்னா யார் பூசினது?"

"யாருன்னு நான் பாக்கலை. துணிய மோந்து பாத்தேன், சந்தன வாசனை வந்துச்சி."

ஹெச்ஆர் சார் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே பூஜை பண்ணீங்க? கேமராவுக்கும் வெச்சீங்களா?"

"மெஷினுங்களுக்கு மட்டும்தான் சார்."

"பாருங்க, அவர் நெத்தியில விபூதி இல்லாம ஒருநாள் நான் பார்த்ததில்லை. அவர் பொய் சொல்லமாட்டார். வாசனையெல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாது மேடம்."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக நினைத்துவந்தேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை.

பிறகு ஹெச்ஆர் சார் குரலைத் தணித்தார். கூண்டுக்குள் கைவிட்டுத் துடைத்தது அந்தத் துப்புரவு அம்மா. அழுக்குத் துணியில் எண்ணெய் இருந்திருக்கும். அவர் பூசியதை நான் பார்த்தேன் என்று அக்கா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. அக்காவின் இடம் அப்படியே இருக்கும். பேப்பரைத் தயாராக டைப் அடித்தே வைத்திருந்தார்.

அக்கா பேப்பரை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழுக்கப் படித்தார். பிறகு திருப்பி மேஜைமேல் வைத்தார். "நான் பாக்கலை சார்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"புரியுது சார். ஆனா நான் பாக்கலை."

ஒத்துழைக்கவில்லை, சந்தேகம் தீரவில்லை, கான்ட்ராக்டைத் தொடர வேண்டாம் என்று ரிப்போர்ட் எழுதினார்கள். கீழே மூன்று கையெழுத்து. மாத முடிவு வரை வேலை செய்யலாம் என்றார்கள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. உண்மையைச் சொல்லும் தைரியத்தைக் கொடு, மொட்டை போடுகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். தைரியம் வரக் காணோம். மொட்டையை முதலில் போட்டால் வருமோ என்று அந்தக் கிருத்திகையில் முடியைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை, தலையில் சந்தனம் காயக் காய நேராக ஹெச்ஆர் அறைக்குப் போனேன்.

"அடடே, மொட்டை! எந்தக் கோயில்?" என்று எழுந்தே விட்டார். பிரசாதம் கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு விபூதி பூசிக்கொண்டார். தங்கைக்கு வரன் தகையவில்லை, எந்தக் கிழமை போனால் விசேஷம் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன். "ஒரு விஷயம் சார்..." என்றேன். அவருக்குப் போன் வந்தது. வெளியே இருக்கும்படி கையைக் காட்டினார். நான் போய்விட்டேன். போன் வந்ததால்தான் சொல்லவில்லை என்று பல மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவர் பேசியது இரண்டு நிமிடம். நான் வராந்தாவில் தலையைத் தடவிக்கொண்டு நின்று, பிறகு பிரஸ்ஸுக்கு நடந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா கேட்டார். "இன்னா வேண்டுதல்?"

"சும்மாதான்க்கா."

"சும்மா யாரு முடிய எடுப்பாங்க?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கதை சொல்லச் சொல்லி முன் சீட்டுப் பெண் கேட்டாள். "புக்கு ஆபீஸ்ல மாட்டிக்கினு கீது. பதினெட்டு கதைதான் படிச்சேன். மீதிய பாக்கலை" என்றார்.

கடைசி நாள் பெயிண்ட் பேனாவையும் அளவுக் கருவியையும் ஒப்படைத்தார். விசாரணை முடிந்துவிட்டதே, புத்தகத்தைக் கொடுங்கள் என்று கேட்டார். அது ஃபைலோடு போய்விட்டது என்றார்கள். தலையாட்டிவிட்டுப் போனார். வழியனுப்பு எதுவும் இல்லை. அவர் போன ஒரு மாதத்தில் மற்றவர்களில் ஆறு பேர் போனார்கள். மீந்தது ஒருத்தி.

கேமரா அதற்குப் பிறகு ஒருநாளும் தகராறு செய்யவில்லை. அத்தனை சுத்தமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். துப்புரவு அம்மா இன்றும் வேலையில் இருக்கிறார்; என்னைப் பார்த்தால் கும்பிடு சாமி என்பார். ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு கூசும்.

அக்காவைத் தேடாமல் இல்லை. படப்பையில் அவர் இருந்த வீட்டுக்குப் போனபோது வேறு குடித்தனம் இருந்தது. செய்யாறு பக்கம் போய்விட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். அந்தப் புத்தகத்தையாவது வாங்கிப் படிக்கலாம் என்று கடைகளில் கேட்டேன். பெயரே தெரியாத புத்தகத்தை எப்படித் தருவது என்று சிரித்தார்கள்.

இந்த வருஷம் மூன்று இடத்தில் உண்மையைச் சொன்னேன். முதலில் கம்பெனியில். இப்போதிருக்கும் ஹெச்ஆர் வேறு ஆள். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அந்த ஃபைல் எப்பவோ முடிஞ்சுது அண்ணே, ஏன் கிளறிக்கிட்டு" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பிறகு பஸ்ஸில் சொன்னேன். புதுப் பிள்ளைகளுக்கு அக்காவைக் கதையாகத்தான் தெரியும்: கம்பெனியே ஒன்றரை நாள் நிற்கும்படி கேமரா கண்ணில் எண்ணெய் ஊற்றிவிட்டுக் கெத்தாக நடந்துபோன அக்கா. அவர் ஊற்றவில்லை, நான்தான் என்றேன். "சும்மா இருண்ணே, நீ போயி! அது வேற லெவல் அக்கா" என்று அடக்கிவிட்டார்கள். பொய்யென்று சொல்லிக்கொள்ளாத ஒரு கதைக்குள் அவரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது எங்கள் பஜனைக் குழுவில். அழுதுகொண்டே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் குழுப் பெரியவர் கண் கலங்கிக் கைகூப்பினார். எட்டு ஏழைப் பெண்களின் கண்ணீருக்கு இரங்கி முருகனே மெஷின் கண்ணைப் பொத்தினான், நீ வெறும் கருவி என்றார். அடுத்த வாரம் அதையே வேறு கோயிலில் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதையில் அக்காவே இல்லை.

அதனால்தான் நான்காவது நோட்டை வாங்கி இதை எழுதினேன். படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், எழுதி அனுப்புங்கள், வாசித்துக் காட்டுங்கள். ஆனால் எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். அவரைப் போராளி ஆக்காதீர்கள். அவர் அந்தக் கேமராவுக்குக் கெடுதல் நினைத்ததே இல்லை. முருகனை இதற்குள் கொண்டுவராதீர்கள். அவனைக் கும்பிடுகிறவனாகக் கேட்கிறேன். என்னைப் பாவம் என்றும் சொல்லாதீர்கள். சந்தனத்தில் எண்ணெய் விட்டது நான். இல்லை என்று இரண்டு தடவை சொன்னது நான். ரிப்போர்ட்டில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. வேலை போனது அவருக்கு.